நான்கு சர்கள், ஒரு குட்டித் தீவு: ஆண்டி ராபர்ட்ஸுக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

கேள்வி (பிப்ரவரி 8, மாலை)

கரீபியன் தீவான ஆன்டிகுவாவின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். அங்கே நான்கு கிரிக்கெட் வீரர்களுக்கு சர் பட்டம். பார்படாஸ் வீரர் சோபர்ஸுக்கு எலிசபெத் ராணியே நேரில் வந்து கொடுத்தார். இவர்களுக்கு இவர்கள் அரசாங்கமே கொடுத்திருக்கிறது. பந்தி பரிமாறுகிறவனே தன் இலையில் இரண்டு ஜாங்கிரி சேர்த்து வைத்துக்கொண்ட மாதிரி இல்லையா? இரண்டையும் ஒன்றாக எண்ணலாமா?

பிப்ரவரி 8, இரவு

தாராளமாக எண்ணலாம். 1981 நவம்பரில் ஆன்டிகுவா - பார்புடா விடுதலை பெற்றபோது ராணியைக் கழற்றிவிடவில்லை. அதே எலிசபெத்தான் அந்நாட்டுக்கும் ராணியாக இருந்தார், அவர் பெயரில் ஆள ஒரு கவர்னர் ஜெனரல். 1998-இல் தங்களுக்கென விருதுச் சட்டம் இயற்றிக்கொண்டார்கள். ஆகவே சோபர்ஸுக்கு 1975-இல் பிரிட்ஜ்டவுன் காரிசன் சவானா குதிரைப் பந்தய மைதானத்தில் வாளைத் தோளில் வைத்துக் கொடுத்ததும், ஆன்டிகுவா பேட்ஸ்மேன் விவ் ரிச்சர்ட்ஸுக்கு 1999-இல் கொடுத்ததும் ஒரே கிரீடத்தின் பெயரில்தான். சட்டப்படி அதற்கு மேல் வித்தியாசம் பார்க்க ஒன்றுமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. விவ் ரிச்சர்ட்ஸுக்கு 1999. வேகப்பந்துக்காரர்கள் ஆண்டி ராபர்ட்ஸ், கர்ட்லி ஆம்ப்ரோஸ், பேட்ஸ்மேன் ரிச்சி ரிச்சர்ட்சன் மூவருக்கும் ஒரே நாளில், 2014 பிப்ரவரி 28. இங்கிலாந்துடன் ஒருநாள் ஆட்டம் நடந்த அன்று, விவ் பெயர் தாங்கிய மைதானத்திலேயே விழா. அதிலும் தரவரிசை உண்டு. விவ் இருப்பது 'தேசிய வீரர்' வரிசையில், அதுதான் உச்சம். மற்ற மூவரும் அதற்குக் கீழே 'நைட் கமாண்டர்'.

இந்த நால்வரில் முதலில் டெஸ்ட் ஆடியவர் யார்? ராபர்ட்ஸ். கடைசிக் கூட்டத்தில் நின்றவர் யார்? அவரேதான்.

பிப்ரவரி 8, இன்னும் இரவு

"ரிச்சி ரிச்சர்ட்சனா? தொப்பிக்காரரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அவரேதான். அகல விளிம்பு வைத்த மெரூன் தொப்பி. ஹெல்மெட் போடாமல் அந்தத் தொப்பியோடு பவுன்சரை ஹூக் அடித்தவர். 86 டெஸ்ட், 16 சதம், அதில் ஒன்பது ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. சும்மா கிடைத்த சர் இல்லை அது.

பிப்ரவரி 9, காலை

ராபர்ட்ஸ் விஷயத்தை விரிவாகவே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேலை ஓடாது.

1974 மார்ச், பிரிட்ஜ்டவுன், இங்கிலாந்துக்கு எதிராக. அதுவரை ஆன்டிகுவாக்காரர் ஒருவர்கூட வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் அணியில் ஆடியதில்லை. பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட், கயானா என்ற நான்கு பெரிய வீட்டுக்குள்ளேயே பெரும்பாலும் தேர்வு முடிந்துவிடும். சிறிய தீவுகளை அவ்வளவாக யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆன்டிகுவாவுக்காக அந்தக் கதவை உடைத்தவர் அர்லிங்ஸ் என்ற கிராமத்திலிருந்து வந்த இந்த மனிதர். விவ் உள்ளே வந்தது அதே ஆண்டு நவம்பரில், பெங்களூரில்.

அதற்கு முன்பே இரண்டு பையன்களையும் லண்டனில் ஆல்ஃப் கோவர் நடத்திய பயிற்சிப் பள்ளிக்கு ஊர்க்காரர்கள் பணம் வசூலித்து அனுப்பினார்கள். இது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. அரசாங்கம் பட்டம் கொடுப்பதற்கு முன்னால் ஊர் சில்லறை கொடுத்திருக்கிறது.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 1974-இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கவுண்டி அணிக்காக ஒரே பருவத்தில் 119 விக்கெட். முதல் நூறு டெஸ்ட் விக்கெட் 19 ஆட்டத்தில். இரண்டு வகை பவுன்சர் வைத்திருந்தார். ஓடி வருவதில், கை சுழல்வதில் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியாது. முதல் பவுன்சர் கொஞ்சம் மெதுவாக வரும். பேட்ஸ்மேன் பின்காலில் போய் ஹூக் அடிப்பார், நான்கு ரன். ராபர்ட்ஸ் முகத்தில் ஒன்றும் இராது, திரும்பி நடப்பார். சில பந்து கழித்து அதே இடத்தில் குத்தி அதே மாதிரி எழும், ஆனால் வேகம் கூடி. பேட்ஸ்மேன் போன தடவை வைத்த கணக்கில் மட்டையைச் சுழற்றுவார். பந்து அதற்குள் தாடைக்கு வந்திருக்கும். 1977-இல் சிட்னியில் டேவிட் ஹூக்ஸின் தாடை உடைந்தது இவர் பந்தில். 1974-இல் இளம் போத்தமின் பற்கள் போனதும் இவர் பந்தில்தான். போத்தம் துப்பிவிட்டுத் தொடர்ந்து ஆடி சோமர்செட்டை ஜெயிக்கவைத்தார், அது வேறு.

இந்த ஆளுக்குச் சொந்த நாட்டில் சர் கிடைக்கக் கடைசி டெஸ்ட் முடிந்து 30 வருஷம் ஆயிற்று. ஐசிசியின் புகழ் மண்டபமே 2009-இல் முந்திக்கொண்டது.

பிப்ரவரி 9, மதியம்

நமக்கு இதில் நேரடிச் சாட்சி இருக்கிறது. 1975 பொங்கல் டெஸ்ட், சேப்பாக்கம். அந்த ஆட்டம் என்றால் எல்லோரும் விஸ்வநாத்தின் ஆட்டமிழக்காத 97-ஐத்தான் சொல்வார்கள். என் சித்தப்பா அங்கே இருந்தவர். இன்றைக்கும் ஸ்கொயர் கட் எப்படி அடித்தார் என்று எழுந்து நின்று காட்டுவார். மொத்தம் 190-இல் ஒருவர் 97, கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் அந்த 97 யாரை எதிர்த்து அடிக்கப்பட்டது? அந்த இன்னிங்ஸில் ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு ஏழு. அடுத்த இன்னிங்ஸில் 57-க்கு ஐந்து. நம் ஊர் வெயிலில், சுழலுக்கென்றே பெயர் வாங்கிய ஆடுகளத்தில், ஒரு வேகப்பந்துக்காரர் பன்னிரண்டு விக்கெட். இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது, அதனால் அவர் கணக்கு காற்றோடு போயிற்று. சித்தப்பாவிடம் கேட்டேன், "ராபர்ட்ஸ் எத்தனை எடுத்தார் சித்தப்பா?" என்று. "நல்லாத்தான் போட்டான்" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, இரவு

"பேட்ஸ்மேனுக்கு ஒரு நீதி, பவுலருக்கு ஒரு நீதி என்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு: ஆமாம், அதையேதான் சொல்கிறேன். நான் சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் மிதவேகம் போட்டவன். எங்கள் அணி ஆண்டு விழாவில் அதிக ரன் எடுத்தவருக்கு முழங்கால் உயரக் கோப்பை. அதிக விக்கெட் எடுத்த எனக்கு ஒரு பூத்துண்டு. இன்னும் வீட்டில் இருக்கிறது, சாயம் போகவில்லை, தரம் நல்ல தரம்தான்.

பக்கத்துத் தீவைப் பாருங்கள். பார்படாஸில் பேட்ஸ்மேன் வொரெல் 1964-இலேயே சர். பிறகு சோபர்ஸ், வீக்ஸ், வால்காட். வேகப்பந்துக்காரர் வெஸ் ஹாலுக்கு 2012. அவரோடு மறுமுனையில் ஓடிய சார்லி கிரிஃபித்துக்கு 2017. சோபர்ஸும் பந்து போட்டார்தான், ஆனால் அவர் எல்லாமும் செய்தவர், அவரை எந்தப் பக்கத்துக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

பிப்ரவரி 10, காலை

ஹாட்லியை ஏன் மறந்தீர்கள் என்று மூன்று பேர். மறக்கவில்லை. ரிச்சர்ட் ஹாட்லிக்கு 1990-இல், இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே கிடைத்தது. இங்கிலாந்துத் தொடரின் நடுவில் சர் ஆகி, அந்தத் தொடரோடு ஓய்வு பெற்றார். நியூசிலாந்தும் சிறிய கிரிக்கெட் நாடுதான். அங்கே வேகப்பந்துக்காரர் முதல் வரிசையில் வந்தார், ஏனென்றால் அவர்களிடம் அப்போது உலகம் அஞ்சிய ஆள் அவர் ஒருவர்தான். ஆன்டிகுவாவில் ராபர்ட்ஸின் துரதிருஷ்டம், கூடவே விவ் பிறந்துவிட்டார்.

பிப்ரவரி 10, மதியம்

"டெஸ்ட் ஆடும்போதே சர் ஆன முதல் ஆள் ஹாட்லி" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா, அந்தப் பெருமை நம்முடையது. விஜயநகரம் மகாராஜகுமார், செல்லமாக விஸ்ஸி. 1936 இங்கிலாந்துப் பயணத்தில் இந்திய அணிக்குத் தலைவர், அந்தப் பயணத்தின் நடுவிலேயே சர். அந்த மூன்று டெஸ்டிலும் சேர்த்து அவர் எடுத்தது 33 ரன், சராசரி 8.25. 1947-இல் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரன்னைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அளவுக்கு இல்லை.

விடுதலைக்குப் பிறகு நமக்கு அரசியல் சட்டம் பிரிவு 18 பட்டங்களை ஒழித்துவிட்டது. பத்ம விருதுகூட விருதுதான், பெயருக்கு முன்னால் ஒட்டக்கூடாது. அதனால் நம்மிடம் மிச்சமிருப்பது சர் ரவீந்திர ஜடேஜா ஒருவர்தான், அதுவும் ரசிகர்கள் கிண்டலாகக் கொடுத்து அப்புறம் அவரே சம்பாதித்துக்கொண்டது.

பிப்ரவரி 10, இரவு

விவ் பக்கம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. அவர் முதலில் வந்ததில் எனக்குத் தகராறு இல்லை. ஆன்டிகுவா மனிதர்களுக்கு விவ் எப்படிப்பட்டவர் என்று தெரிய ரன்னைப் பார்த்தால் போதாது. 1969-இல் அவருக்குப் பதினேழு வயது. செயின்ட் கிட்ஸுக்கு எதிராக ஆன்டிகுவா ரெக்ரியேஷன் மைதானத்தில் முதல் பந்திலேயே அவுட் கொடுத்தார் நடுவர். பையன் காலை உதைத்து எதிர்த்தான். கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது. "விவி இல்லையேல் ஆட்டம் இல்லை" என்று பதாகை. கடைசியில் அதிகாரிகள் பணிந்து அவரைத் திரும்ப ஆட விட்டார்கள். மறுபடி முட்டை. இரண்டாவது இன்னிங்ஸிலும் முட்டை. ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை ரன் இல்லாமல் வெளியேறியதோடு இரண்டு வருஷத் தடையும் கிடைத்தது.

1981 மார்ச்சில் ஆன்டிகுவாவின் முதல் டெஸ்ட் அதே மைதானத்தில். நாடு இன்னும் விடுதலைகூடப் பெறவில்லை. அந்த வாரம்தான் விவ்வுக்குத் திருமணம். மாப்பிள்ளை வந்து 114 அடித்தார். 1986-இல் அங்கேயே இங்கிலாந்துக்கு எதிராக 56 பந்தில் சதம் அடித்தார், மெக்கலம் 2016-இல் முறியடிக்கும் வரை டெஸ்டில் அதைவிட வேகம் கிடையாது. ஐம்பது டெஸ்டுக்குத் தலைவர், தோற்றது எட்டில்தான், ஒரு தொடரைக்கூட இழக்கவில்லை. தென்னாப்பிரிக்கா பணத்தை நீட்டியபோது போகவில்லை. நிறவெறி நாட்டுக்குப் போன சக ஆட்டக்காரர்களின் பெயர் என்ன ஆயிற்று என்று பார்த்தால் இதன் எடை தெரியும்.

2000-இல் விஸ்டன் தேர்ந்த நூற்றாண்டின் ஐவர்: பிராட்மன், சோபர்ஸ், ஹாப்ஸ், வார்ன், ரிச்சர்ட்ஸ். ஐவரில் சர் ஆகாதவர் யார் பாருங்கள். வார்ன். மறுபடியும் பவுலர்.

பிப்ரவரி 11, காலை

"அந்த எட்டுத் தோல்வியில் ஒன்று சேப்பாக்கத்தில்" என்று நினைவூட்டிய நண்பருக்கு நன்றி. 1988 ஜனவரி, நரேந்திர ஹிர்வானி, அறிமுக டெஸ்டில் 136 ரன்னுக்கு 16 விக்கெட். நானும் அன்று வெயிலில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருக்க, முதல் இன்னிங்ஸில் விவ் மட்டும் 68. சூயிங் கம் மென்றபடி, ஹெல்மெட் இல்லாமல், நடை மாறாமல். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் தலைவர் மாதிரி தெரியவே இல்லை.

பிப்ரவரி 11, இரவு

சரி, யாரும் தொடாத விஷயத்துக்கு வருகிறேன். ஆலன் ஸ்டான்ஃபோர்ட்.

அமெரிக்கப் பணக்காரர், ஆன்டிகுவாவில் வங்கி, சொந்த மைதானம். 2006-இல் அவருக்கு ஆன்டிகுவா சர் பட்டம் கொடுத்தது. தரம்? நைட் கமாண்டர். 2008 நவம்பரில் இரண்டு கோடி டாலர் பந்தயமாக ஒரு இருபது ஓவர் ஆட்டம். கெய்ல் தலைமையில் அவருடைய அணி இங்கிலாந்தைப் பத்து விக்கெட்டில் சாத்தியது. மூன்றே மாதத்தில் மோசடி வெளியே வந்தது. பட்டம் 2010-இல் பறிபோனது. 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் 110 வருஷச் சிறை விதித்தது.

கணக்குப் பாருங்கள். மட்டையையோ பந்தையோ தொடாத அந்த ஆளுக்கு 2006. இருநூற்றிரண்டு டெஸ்ட் விக்கெட் எடுத்த ராபர்ட்ஸுக்கு அதே தரம் 2014. கேள்வி கேட்டவர் "தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டார்கள்" என்றார். என் குறை நேர் எதிர். வெளியிலிருந்து வந்தவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, வீட்டுப் பிள்ளைகளை எட்டு வருஷம் வரிசையில் நிறுத்தினார்கள்.

பிப்ரவரி 12, மாலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவும் தெரிந்த நாடு, அதைப் பாராட்டுங்கள்" என்கிறார். யோசித்தேன், நியாயம்தான். பல நாடுகள் அதைக்கூடச் செய்வதில்லை.

பிப்ரவரி 13, காலை

மைதானக் கதையும் கேட்டிருந்தீர்கள். 2007 உலகக் கோப்பைக்காகச் சீன உதவியில் ஊருக்கு வெளியே, நார்த் சவுண்டில், சர் விவியன் ரிச்சர்ட்ஸ் மைதானம் கட்டினார்கள். பந்துவீச்சு முனைகளில் ஒன்றுக்கு ராபர்ட்ஸ் பெயர், இன்னொன்றுக்கு ஆம்ப்ரோஸ் பெயர். 2009 பிப்ரவரி 13, இங்கிலாந்துடன் டெஸ்ட். வெளிக்களம் முழுக்கக் கடற்கரை மணல். பவுலர் ஓடி வந்தால் கால் புதைகிறது. பத்தே பந்து, ஆட்டம் கைவிடப்பட்டது. அவசர அவசரமாகப் பழைய ரெக்ரியேஷன் மைதானத்துக்கு ஓடினார்கள், அங்கே ஐந்து நாளும் நடந்து கடைசி விக்கெட் மிச்சமிருக்க டிரா. புதுமனை புகுந்தவர்களை ஓட்டை வீடு காப்பாற்றியது.

அந்தப் பழைய மைதானம் ஊரின் நடுவில், சிறைச்சாலைக்குப் பக்கத்தில். கைதிகளைக் கொண்டு ஆடுகளம் தயார் செய்வார்கள். விவ்வின் அப்பா அந்தச் சிறையில்தான் வேலை பார்த்தார். பிற்காலத்தில் அந்த ஆடுகளத்துக்குப் பொறுப்பாளர் யார் தெரியுமா? ஆண்டி ராபர்ட்ஸ். லாராவின் 375 (1994), ஆட்டமிழக்காத 400 (2004) இரண்டும் அங்கேதான். பேட்ஸ்மேன்களின் தாடையை உடைத்தவர் பேட்ஸ்மேன்களுக்கு மெத்தை விரித்துக் கொடுத்தார். பவுலர்கள் சங்கம் என்று ஒன்று இருந்தால் அவரை நீக்கியிருக்கும், சர் பட்டம் தாமதமானதற்கு இதுவே போதும்.

பிப்ரவரி 13, இரவு

ஆம்ப்ரோஸைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று திட்டு. எழுதினால் நிறுத்த முடியாது. 1993 பெர்த்: ஆஸ்திரேலியா 85-க்கு இரண்டு. அங்கிருந்து 119-க்கு எல்லோரும். 32 பந்தில் ஒரு ரன் கொடுத்து ஏழு விக்கெட். மொத்தம் 405 டெஸ்ட் விக்கெட், சராசரி 20.99. ஸ்வீட்ஸ் கிராமத்தில் அவர் அம்மா ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை விக்கெட் எடுத்த ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வெளியே வந்து மணி அடிப்பார். பெர்த் அன்று அந்தத் தெருவில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

1995 டிரினிடாடில் ஸ்டீவ் வாவை ஆம்ப்ரோஸ் முறைத்துக்கொண்டு நிற்க, ரிச்சி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போகும் படம் பார்த்திருப்பீர்கள். ஒரே படத்தில் வருங்கால சர்கள் இருவர், ஒருவர் இன்னொருவரை அடிதடியிலிருந்து காப்பாற்றுகிறார். ஓய்வுக்குப் பிறகு இருவரும் ஒரே இசைக்குழுவில். ஆம்ப்ரோஸ் பேஸ் கிதார், ரிச்சி ரிதம் கிதார். குழுவின் பெயர் 'தி பிக் பேட் டிரெட் அண்ட் தி பால்ட்ஹெட்'.

பிப்ரவரி 14, காலை

ரிச்சிக்குத் தகுதியில்லை, தொடர்ந்து தோற்ற தலைவர் என்று நீளமாக எழுதியிருக்கிறீர்கள். 1995-இல் ஆஸ்திரேலியாவிடம் சொந்த மண்ணில் தொடர் போனது அவர் தலைமையில்தான், மறுக்கவில்லை. 1996 உலகக் கோப்பையில் புனேயில் கென்யாவிடம் அணி மொத்தமும் 93-இல் சுருண்டது. சில நாள் கழித்து ஜெய்ப்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் ஒருவரே ஆட்டமிழக்காமல் 93 அடித்து ஜெயிக்கவைத்தார். அரையிறுதியில் மொஹாலியில் 49 நாட் அவுட், மறுமுனையில் ஆள் நிற்கவில்லை, ஐந்து ரன்னில் தோல்வி. விவ்வுக்குக் கிடைத்த அணி வேறு, இவருக்குக் கிடைத்தது வேறு.

பிப்ரவரி 14, இரவு

அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்று பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்கள். ரிட்லி ஜேக்கப்ஸ் என்கிறார்கள், 65 டெஸ்ட் ஆடிய விக்கெட் கீப்பர், கேட்கலாம். கென்னி பெஞ்சமின் 26 டெஸ்டில் 92 விக்கெட், அதுவும் கேட்கலாம். அல்சாரி ஜோசஃப் இன்னும் ஆடுகிறார், பொறுங்கள்.

என் ஓட்டு எல்டின் பாப்டிஸ்டுக்கு. பத்து டெஸ்ட் ஆடினார், பத்திலும் வெஸ்ட் இண்டீஸ் ஜெயித்தது. 1984-இல் இங்கிலாந்தை 5-0 என்று துடைத்தபோது ஐந்திலும் இருந்தார். கடைசி டெஸ்ட் 1990-இல் சொந்த ஊர் மைதானத்தில், அதுவும் வெற்றி. அத்தோடு அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள். மொத்தம் 16 விக்கெட்தான், தேர்வுக்குழு சொல்வதும் புரிகிறது. இருந்தாலும் ஒரு தோல்விகூடப் பார்க்காதவரை எதற்காகத் தூக்கினீர்கள் என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா?